தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு நாற்காலி

எங்கள் திருச்சபையின் விதித்தொகுப்பில், நன்கொடையாக வந்த அசையும் பொருள்களுக்கென்று ஒரு விதி உண்டு. அப்படி வந்த எந்தப் பொருளையும் விற்கவோ, மாற்றவோ, இரவல் கொடுக்கவோ வேண்டுமானால் முதலில் சபைக்குழு கூடித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அந்தத் தீர்மானத்தை இரண்டு ஞாயிறு ஆராதனைகளில் எல்லார் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும். பிறகு பேராயரின் திருமண்டல அலுவலகத்தின் சம்மதம் எழுத்தில் வர வேண்டும். இந்த மூன்றும் முடியாமல் கோயிலிலிருந்து ஒரு துடைப்பக்கட்டைகூட வெளியே போகக்கூடாது. துடைப்பக்கட்டை என்ற சொல் விதியில் இல்லை. மற்ற வாசகமெல்லாம் என்னுடையதுதான். விதிகளைத் திருத்துவதற்கு ஒரு குழு போட்டபோது, வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற என்னை எழுத உட்கார்த்திவிட்டார்கள்.

நான் எழுதியதை ஒப்பிட்டுப் பார்த்தவர் இப்போதைய சபைச் செயலர். அவரும் அதே அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர். எனக்கு இளையவர், என்னை அக்கா என்றே அழைப்பார். வரைவு எழுதுவது என் வேலை. அதைக் கொண்டுபோய் அதிகாரியிடம் இரண்டு நல்ல வார்த்தை பேசிக் கையெழுத்து வாங்கி வருவது அவர் வேலை. எனக்கு நல்ல வார்த்தை வராது. அவருக்கு வரைவு வராது. இப்படியே இரண்டு பேரும் பணிக்காலத்தை முடித்தோம். அவர் மகள் கல்யாணத்தில் முன்வரிசையில் எனக்கு இடம் போட்டிருந்தார். என் கணவர் பக்கவாதத்தில் விழுந்தபோது ஆம்புலன்ஸ் பிடித்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வரை கூடவே வந்தவரும் அவர்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வருவதைப் படிக்கும்போது அவரை ஏதோ தெருவில் போகிற திருடன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. திருடன் என்றால் கதவைப் பூட்டியிருப்பேன்.

நாற்காலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் முன்பு மிஷன் நடத்திய காசநோய் இல்லம் ஒன்று இருந்தது. ஸ்வீடன் நாட்டுப் பெண்மணி ஒருவர் அங்கே தலைமைச் செவிலியாக இருந்தார். அவருடைய தம்பி அந்த நாட்டில் பெயர்பெற்ற வடிவமைப்பாளர். நாற்காலியும் கண்ணாடிப் பாத்திரமும் அவர் தொழில். அக்காவைப் பார்க்க வந்தவர் தென்மேற்குப் பருவமழையில் சிக்கிக்கொண்டார். மண் சரிந்து சாலை மூடிவிட்டது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர், நோயாளிகள் உட்காருவதையும் எழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். நடுவே தொய்ந்துபோன பிரம்பு நாற்காலிகளிலிருந்து ஒவ்வொருவரையும் இரண்டு பேர் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அவர் பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரியிலிருந்து, தேயிலைப் பெட்டி செய்கிற மெல்லிய பலகைகளை வாங்கி வரச் சொன்னார். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வளைத்து, முதுகும் இருக்கையும் செய்தார். கால்களுக்குச் சில்வர் ஓக் மரம்.

பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. நகாசு கிடையாது, மெத்தை கிடையாது. எங்கள் சபையில் பாதிப் பேர் அதைப் பள்ளிக்கூட நாற்காலி என்றுதான் நினைத்திருந்தார்கள். விஷயம் கைப்பிடியில் இருந்தது. அது இருக்கையைத் தாண்டி முன்னால் நீண்டு, நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, லேசாகக் கீழே சரிந்திருக்கும். அந்த நுனியில் கையை ஊன்றினால் உடம்பின் பாரம் தானாக முன்னால் வந்துவிடும். மீதியைக் கால்கள் பார்த்துக்கொள்ளும். நாற்காலியைக் கவிழ்த்தால், அடிப்பலகையில் எஸ்டேட்டின் கறுப்பு முத்திரை பாதி அழிந்து தெரியும்.

இல்லம் மூடப்பட்டபோது சாமான்களைச் சுற்றியுள்ள கோயில்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்களுக்கு இரண்டு நாற்காலிகளும், ஊருக்குப் போனபின் அவர் அக்காவுக்கு அனுப்பிய மருந்துத் தம்ளர்களும் வந்தன. கை நடுங்குகிறவர்கள் தட்டினாலும் விழாத அடிகனத்த கண்ணாடித் தம்ளர்கள். கல்யாண வீடுகளுக்கு இரவல் போய் ஒவ்வொன்றாக உடைந்து, கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதில் ஆராதனை நடத்தும் எங்கள் ஆயரின் பேனாக்கள் நின்றன.

என் கணவர் கணக்கு வாத்தியார். பந்தலூரில் தொடங்கிக் குன்னூரில் ஓய்வு பெற்றவர். எங்கள் பாடகர் குழுவில் கீழ்க்குரல் அவருடையது. பக்தி அவருக்கு அளவோடுதான் உண்டு. ஆனால் கோயில் இல்லாமல் இருக்க முடியாது. ஆராதனை முடிந்து வெளியே நின்று, பிரசங்கத்தில் இருந்த பிழைகளைக் கூட்டிச் சொல்லாவிட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆகாது.

பக்கவாதத்துக்குப் பிறகு கோயில் பெஞ்சில் அவரால் உட்கார முடியவில்லை. பெஞ்சுக்குக் கைப்பிடி இல்லை. இடப்பக்கமாகச் சரிந்துகொண்டே போவார். சக்கர நாற்காலி கொண்டுவருகிறேன் என்று சபையில் ஒருவர் சொன்னதற்கு, "நான் என்ன லக்கேஜா, உருட்டிட்டுப் போறதுக்கு?" என்றார். அப்போதுதான் பக்கவாசல் அருகே யாரும் தொடாமல் கிடந்த அந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் அவரை உட்கார்த்தினேன். சரியவில்லை. விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்தபோது, நானும் பக்கத்திலிருந்தவரும் கை கொடுக்கத் திரும்புவதற்குள் அவர் நின்றிருந்தார். வலது கை நுனியில் ஊன்றியிருந்தது. இடது கை அதன்மேல் சும்மா கிடந்தது. யாரும் தூக்காமல், ஊர் முன்னால், தானாக எழுந்து நின்று, பிரமாணத்தை அடித்தொண்டையில் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், "பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் கோயிலுக்குப் போனது அந்த ஒரு கணத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். வாரம் முழுக்க அவரை நான் குளிப்பாட்டினேன், பொத்தான் போட்டேன், ஊட்டினேன். அந்த ஒன்றை மட்டும் அவரே செய்தார்.

நாற்காலியைச் செய்தவர் யார் என்று எனக்குத் தெரியவந்தது கோயமுத்தூரில், ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில். வீட்டு அலங்காரம் பற்றிய ஒரு தடித்த பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் எங்கள் நாற்காலியின் கைப்பிடி. நாற்காலி வேறு, கைப்பிடி அதேதான். கீழே அந்த ஸ்வீடன்காரரின் பெயர். வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தேடித்தேடிப் படித்தேன். ஒரு மாதம் எனக்கு அதுவே வேலை. உருகத் தொடங்கிய பனிக்கட்டி போல அவர் வார்த்த கண்ணாடிக் கிண்ணங்கள், ஓர் ஆணிகூட வெளியே தெரியாத மேசைகள். தேவையில்லாத கோடு ஒன்றைக் கண்டால் கோபப்படுவாராம். பணியில் இருந்தபோது எனக்கு அப்படி ஓர் அதிகாரி கிடைத்ததில்லை. அவர் செய்தவற்றைத் தொகுத்திருந்த ஓரிடத்தில், தென்னிந்திய மலையொன்றில் நோயாளிகளுக்காகச் செய்த நாற்காலிகள் என்று ஒரு வரி இருந்தது. பக்கத்தில், தற்போது இருக்குமிடம் தெரியவில்லை என்று போட்டிருந்தது. எனக்குத் தெரிந்திருந்தது. பக்கவாசலுக்கு இடப்புறம், மின்விசிறி சுவிட்சுக்குக் கீழே.

இதை நான் சொன்னது ஒரே ஒருவரிடம். ஆராதனை முடிந்து, ஆயரின் அறையில் காணிக்கை எண்ணிக்கொண்டிருந்த செயலரிடம்.

"ஏனுங்கக்கா, இந்தத் தட்டு நாற்காலியா?" என்று சிரித்தார். "இத வெறகுக்குப் போடலாம்னு போன ஆயர் காலத்துலயே பேச்சு வந்துச்சுங்க."

"வெறகு இல்ல தம்பி. உட்கார்ந்தவர் யார் தயவும் இல்லாம எழுந்திருக்கணும்னு ஒருத்தர் மழைக்காலம் பூரா உட்கார்ந்து யோசிச்சுச் செஞ்சது."

"அப்புடீங்களா!" என்று பேனாத் தம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதுவும் அவுரு பண்ணதுங்களா? இத்தன வருசமா இதுல பேனா போட்டு வெச்சிருக்கறமே."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா யாராச்சும் கண்ணு வெச்சுருவாங்க. உங்க மாமாவுக்கு அது ஒண்ணுதான் இப்ப இருக்கு."

"என்னங்கக்கா நீங்க. மாமா நாற்காலிய எவன் தொடுவான்? நான் இருக்கறன் இல்லீங்க?"

இருந்தார். அதுதான் சங்கடம்.

சில வாரங்கள் கழித்து, நல்ல ஸ்வெட்டர் போட்ட வெளியூர்க்காரர் ஒருவர் ஆராதனைக்கு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஆராதனை முடிந்தபின் பக்கவாசல் அருகே முழங்காலிட்டு, நெற்றி தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்தார். எங்கள் சபையில் அவ்வளவு தாழ்ந்து ஜெபித்தவர் எவருமில்லை என்று நான் வியந்தேன். அவர் நாற்காலியின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பின்னால்தான் தெரிந்தது. பெரிய ஊரில் பழைய சாமான் கடை வைத்திருப்பவராம்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய வாரம் நாற்காலிகள் இடத்தில் இல்லை. அந்த ஞாயிறு மழை கொட்டியதால் நான் மட்டும் கோயிலுக்குப் போயிருந்தேன்.

"பாலிஷ் போடக் குடுத்திருக்குதுங்கக்கா," என்றார் செயலர். "பண்டிகைக்கு மாமா பளபளன்னு உக்காரட்டும்."

நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

அறுப்பின் பண்டிகை என்பது எங்கள் சபையில் இப்படி. அவரவர் தோட்டத்தில் விளைந்ததை, விளைச்சல் இல்லாதவர்கள் வாங்கியதை, கோயிலுக்குக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். கேரட், முட்டைக்கோஸ், பூசணி, தேயிலைப் பொட்டலம், கால் கட்டிய சேவல், கேக். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே மைதானத்தில் ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழத்தை ஏலம் எடுத்தவர் திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்லுவார். அது நாலு கை மாறும். யார் என்ன வைத்தார், ஏன் வைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. பீடத்தின் முன் வைத்த பிறகு அது கர்த்தருடையது. அதற்கு முன் யாருடையது என்று கேட்பது அநாகரிகம். விதிகளைத் திருத்தும்போது இந்த வழக்கத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தோன்றவே இல்லை. காய்கறிக்கு எதற்கு விதி?

அன்று கணவருடன் நான் உள்ளே நுழைந்தபோது அந்த இரண்டு நாற்காலிகளும் பீடத்தின் முன்னால், பூசணிக்கும் சேவலுக்கும் நடுவே நின்றன. ஒன்றின்மேல் கேரட் கட்டு. பாலிஷ் போட்டிருக்கவில்லை.

பக்கவாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதில் அவரை உட்கார்த்திவிட்டுச் செயலரிடம் போனேன்.

"இது என்ன தம்பி?"

"காணிக்கைங்கக்கா." குரல் தாழ்ந்திருந்தது.

"யார் காணிக்கை?"

"எங்க ஊட்ல வெச்சதுங்க. பாலிஷுக்கு எங்க ஊட்டுக்குத்தான வந்துச்சு. கோயில் கூரை பாடகர் பக்கம் ஒழுகறது உங்களுக்குத் தெரியாதுங்களா? எல்லாம் கோயிலுக்குத்தானுங்க."

"விதி தெரியுமா உங்களுக்கு?"

"விதி சொத்துக்குங்க. இது காணிக்கை." அவர் என்னைப் பார்க்காமல் கேரட் கட்டைச் சரிசெய்தார். "ஓட்டை எங்க இருக்குதுன்னு பாத்துப் படிக்கறதுக்கு நீங்கதானுங்க எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

ஆயர் புதிதாக வந்தவர். நான் முறையிட்டதற்கு, "பண்டிகை நாள்ல வேண்டாமுங்கம்மா, பின்னாடி பேசிக்கலாம்," என்றார். அவர் கையில் பாட்டுப்புத்தகம் திறந்திருந்தது.

விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். என் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் கையை ஊன்றினார். நாற்காலி வழுவழுத் தரையில் பின்னால் நழுவியது. நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு முறை முயன்றார். முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து அக்குளில் கை கொடுக்கப் போனார்கள். "விடுங்கப்பா," என்றார். உட்கார்ந்தபடியே பிரமாணத்தைச் சொன்னார். நான் கேட்டவரை, கீழ்க்குரல் அன்று இல்லை.

மைதானத்தில் ஏலம் விட்டவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். தேவாலா வழித்தடத்தில் மழையிலும் கூட்டத்திலும் கத்திப் பழகிய தொண்டை.

"ஏறுங்க ஏறுங்க, எடம் இருக்கு! சேவல் ஒண்ணு! டீச்சரம்மா, கை தூக்கினீங்களா, தலை சொறிஞ்சீங்களா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க, வண்டி கெளம்பப் போவுது!"

"தலைதாங்க சொறிஞ்சேன்!"

"அப்ப சேவல் உங்களுக்கு! கோயில்ல எதுக்குங்க தலைய சொறியறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நாற்காலிகள் வந்ததும், "இது சோடியாப் போவுது. கூடவே ஒரு கண்ணாடித் தம்ளர் கொசுறு!" என்றார். பேனாக்களைக் கொட்டிவிட்டுத் தம்ளரையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

நான் ஒரு விலை கேட்டேன். எங்கள் சபை ஒன்றும் கல்நெஞ்சக் கூட்டமில்லை. ஒருவர்கூட மேலே கேட்கவில்லை. கண்டக்டர் என் கணவர் பக்கம் பார்த்து, "வாத்தியாருக்கே போகட்டும். ரைட் குடுக்கலாமா?" என்றார்.

அப்போது என் பின்னாலிருந்து ஒரு குரல் மேலே கேட்டது. செயலர். கைப்பேசியைக் காதில் வைத்திருந்தார்.

நான் திரும்பவும் கேட்டேன். அவர் கைப்பேசியில் மெல்ல ஏதோ பேசிவிட்டு இன்னும் மேலே கேட்டார். ஸ்வெட்டர்காரர் எங்கோ உட்கார்ந்து செயலர் வாய் வழியாக விலை கேட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்க, அவர் கேட்க, கண்டக்டருக்கே குரல் இறங்கிவிட்டது.

"தம்பி, என் எதிர்லயேவா?" என்றேன்.

"கர்த்தருக்குத்தானுங்கக்கா போகுது," என்றார், கைப்பேசியைக் கையால் மூடிக்கொண்டு. அதைச் சொல்லும்போதும் அவர் குரலில் மரியாதை குறையவில்லை. அதிகாரிகளிடம் பேசுகிற அதே நல்ல வார்த்தைக் குரல். அது இப்போது என்மேல் பிரயோகிக்கப்பட்டது.

நான் இன்னொரு முறை வாயைத் திறந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து என் கணவர், "போதும் புள்ள. வா, ஊட்டுக்குப் போலாம்," என்றார். அவரைத் தூக்கி நிறுத்த மூன்று பேர் வந்தார்கள். இந்த முறை அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மர நாற்காலியைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். கைப்பிடி குட்டை. ஊன்றினால் பாரம் பின்னாலேயே நின்றது. பிறகு கடையில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வாங்கினேன். அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது எழுந்திருக்கறதுக்கு இல்ல, பொதைக்கறதுக்கு," என்றார். குன்னூர் மார்க்கெட் பக்கம் ஒரு மரக்கடையில் படத்தைக் காட்டிச் செய்யச் சொன்னேன். பார்வைக்கு அதே போல வந்தது. எழ மட்டும் விடவில்லை. எந்த இடத்தில் எவ்வளவு என்று அந்த ஸ்வீடன்காரர் கண்டுபிடித்திருந்தது படத்தில் ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் பிரமாணத்தின்போது இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். அன்போடுதான் தூக்கினார்கள். நான்காவதோ ஐந்தாவதோ வாரம், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கையில், "நீ போயிட்டு வா," என்றார்.

அதன்பின் அவர் கோயிலுக்கு வரவில்லை.

நான் திருமண்டல அலுவலகத்துக்கு மனு எழுதினேன். பொருள், பார்வை, பத்தி எண் எல்லாம் போட்டு, விதியின் நகலை இணைத்து, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. ஒப்புகை அட்டை வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டு எழுதினேன். அந்த அலுவலகத்தில் என் மனு எந்தத் தட்டில் எதற்கு அடியில் இருக்கும் என்பதை என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்ட முடியும். நானும் அப்படித் தட்டுகள் வைத்திருந்தவள்தானே.

அந்த நாள்களில் ஒருநாள் பழைய சாமான் கடைக்காரரின் இணையப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். வெள்ளை மேடையில் இரண்டு நாற்காலிகளும் நின்றன. யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று கைப்பிடியிலிருந்து கைப்பிடிக்குப் பட்டுக் கயிறு கட்டியிருந்தது. கீழே ஆங்கிலத்தில் விவரம். உட்கார்ந்தவர் யார் தயவும் இல்லாமல் எழ வேண்டும் என்று ஒரு மழைக்காலம் முழுவதும் யோசித்துச் செய்யப்பட்டது என்று எழுதியிருந்தது. ஆயர் அறையில் ஒருவரிடம் மட்டும் நான் சொன்ன வாக்கியம். என் வாக்கியத்தை வேறொருவர் சொந்தமாகப் பயன்படுத்துவது எனக்குப் புதிதல்ல. பணிக்காலம் முழுவதும் நடந்ததுதான். அப்போதெல்லாம் வலித்ததில்லை.

மழை பெய்த ஒரு மாலையில் செயலர் வீட்டுக்கு வந்தார். பண்டிகைக்குப் பிறகு முதல் முறை. குடையை வாசலில் சாய்த்துவிட்டு, கட்டிலில் கிடந்த என் கணவரைப் பார்த்து, "தோத்திரமுங்க மாமா," என்றார்.

"வாங்க, காணிக்கைக்காரரே," என்றார் என் கணவர். "இந்தக் கட்டிலும் பழசுதான். பாத்துட்டுப் போங்க."

செயலர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். என் மனு. மேலே சிவப்பு மையில், சபைச் செயலரின் விளக்கத்துக்கு என்று குறித்திருந்தது. யார்மேல் புகாரோ அவரிடமே விளக்கம் கேட்பது முறைதான். நானும் அப்படிக் குறித்து அனுப்பியிருக்கிறேன்.

"இதுக்கு எப்படிங்கக்கா பதில் போடறது?"

அவர் கேட்டதில் கேலி இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

"சித்தெ கேளுங்கக்கா. நாற்காலி இன்னும் விக்கல. அந்தக் கடைக்காரன் ஒண்ணத் திருப்பிக் குடுக்கறதுக்கு ஒத்துக்குவான், மேல இருந்து ஒரு லெட்டர் வந்தாப் போதும். அந்த லெட்டர் வரணும்னா என் வெளக்கம் அதுக்குத் தக்கன இருக்கோணும். நீங்களே எழுதிக் குடுத்துருங்க. ஒரு எழுத்து மாத்தாம கையெழுத்துப் போட்டுடறன். மாமா மறுபடி கோயிலுக்கு வரட்டுமுங்க. எனக்கு ராத்திரியில தூக்கம் வரமாட்டேங்குது."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் காபி போட்டேன்.

அவர் போனபின் என் கணவர், "அவன நம்பறயா?" என்றார்.

"வரைவை நம்பறேன்," என்றேன்.

இரண்டு நாள் எழுதினேன். என் பணிக்காலத்தில் அதைவிட நல்ல வரைவு எழுதியதில்லை. யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. பண்டிகை ஏற்பாட்டின் அவசரத்தில் விதி கவனிக்கப்படாமல் போனது என்று ஒரு பத்தி. கூரைப் பழுதின் தேவை குறித்து ஒரு பத்தி. செயலருக்கும் கௌரவம் மிஞ்ச வேண்டுமல்லவா. நாற்காலிகளில் ஒன்றையாவது திரும்பப் பெற்றுப் பக்கவாசல் அருகே வைத்து, உடல்நலம் குன்றிய உறுப்பினர் பயன்படுத்த வழிசெய்யலாம் என்று மூன்றாவது பத்தி. கடைக்காரருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தின் மாதிரியும் இணைப்பாக. செயலர் வந்து வாங்கிக்கொண்டார். நின்றபடியே படித்து, "இப்படி எழுத இன்னொருத்தர் இல்லீங்க," என்றார். அது உண்மை என்பதால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் கணவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. நம்பவில்லை என்று சொன்னவர்தான், காலையில் கட்டில் சட்டத்தைப் பிடித்து வலது கையை ஊன்றி ஊன்றிப் பழகத் தொடங்கினார். நான் அறைக்குள் போனால் நிறுத்திவிடுவார். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. தை பிறந்தது. உறைபனியில் புல் கருகியது. ஞாயிறு ஆராதனையை நான் கைப்பேசி நேரலையில் வைத்துக் கொடுப்பேன். பிரமாணம் வரும்போது, "சத்தத்தக் கொற," என்பார். பிறகு கட்டில் சட்டமும் சும்மா இருக்கத் தொடங்கியது.

கடைசியில் பதில் வந்தது. திருமண்டல அலுவலகத்தின் நீள உறை. சபைச் செயலரின் விளக்கத்தைப் பரிசீலித்து ஏற்றுக்கொண்டதாகவும், மனுவின் மீது மேல்நடவடிக்கை தேவையில்லை என்று முடிவு செய்ததாகவும் இருந்தது. அந்த விளக்கத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள். முதல் பத்தி என்னுடையது. இரண்டாவதும் என்னுடையது. ஒரு புள்ளிகூட மாறவில்லை. மூன்றாவது பத்தி இல்லை. அதற்குப் பதில் ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது. என் கீழே இத்தனை ஆண்டு வேலை பார்த்தவர் யார் உதவியும் இல்லாமல் தானாக எழுதிய முதல் வாக்கியம். பிழையே இல்லை.

"என்னவாம்?" என்றார் என் கணவர், கட்டிலிலிருந்து.

படித்துக் காட்டினேன். மேற்படி உறுப்பினர் தற்போது ஆராதனைக்கு வருவதில்லையாதலால், அவருக்கான இருக்கை குறித்த கேள்வி எழவில்லை.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உள்ளே வரும் தபாலில் வந்த நாளைக் குறித்துவைப்பது என் பழக்கம். அன்று எங்களுக்கு நாற்பது நாள் நோன்பு தொடங்கும் நாள். உறையின் மூலையில் எழுதினேன்: சாம்பல் புதன், முற்பகல்.